அவளுடைய படத்தை நம்பிச் சேர்ந்தவர்கள்

என் கணவரின் தங்கை, என் மச்சாள், ஒரு பொருளை நல்லது என்று சொல்வதற்கு முன் அதை நெடுநாள் வைத்து வருத்துவாள். தேற்றாத்தீவில் தன் வீட்டின் முன்னறையில் அவள் தையல் தொழில் செய்கிறாள். புதிய நூல் ஒன்று கைக்கு வந்தால் அதைக்கொண்டு தைத்த துண்டைத் தோய்ப்பாள், வெயிலில் காயவிடுவாள், மறுபடியும் தோய்ப்பாள். கத்தரிக்கோல் வந்தால் முதலில் மெல்லிய சேலைத் துணியையும் பிறகு தடித்த காற்சட்டைத் துணியையும் வெட்டி, இரண்டிலும் அதன் வாய் ஒரே சீராக இறங்குகிறதா என்று பார்ப்பாள். அதன் பின்னரே கைத்தொலைபேசியைப் பால்மாத் தகரம் ஒன்றில் சாய்த்து வைத்துக் காணொளி பிடிக்கத் தொடங்குவாள். காணொளியில் அவளுடைய கைகளும் துணியும் மட்டுமே தெரியும். சட்டை வெட்டும் முறையைச் சொல்லிக்கொண்டே, இந்த ஊசி தையல் பொறிக்கு ஆகாது, அந்த நூல் சாயம் விடும் என்று இடையிடையே சொல்வாள். அந்த இடைப்பேச்சுக்காகவே பார்க்கிறவர்கள் பலர்.

கல்லடி தொடக்கம் களுவாஞ்சிக்குடி வரை தைக்கிற பெண்கள் அவளுடைய பக்கத்தைப் பார்த்தார்கள். அவளுக்கு நூலும் துணியும் விற்கிற காத்தான்குடிக் கடைக்காரர் ஒரு நாள் என்னையும் வைத்துக்கொண்டே அவளிடம் குறைப்பட்டார். "தங்கச்சி, நீங்க வாய் திறக்கிறதுக்கு முதல் எனக்குப் போனில ஒரு கோல் தாங்க. நான் சரக்க வித்து முடிச்சிருவன்" என்றார். அவள் சிரித்துக்கொண்டே, அப்படியானால் நல்ல சரக்கை வாங்கிப் போடும்படி சொன்னாள். அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த முறை நாங்கள் போனபோது அந்த நூல் கடையில் இல்லை.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் வணிகம் படித்துப் பட்டம் பெற்றவள் அவள். தன்னுடைய சொல்லுக்கு இத்தனை பேர் செவிகொடுக்கும்போது அதைக்கொண்டு நேர்மையாக உழைக்க வழி இல்லையா என்று அவள் எண்ணியதில் வியப்பில்லை. அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதைப் பேருந்தில் மட்டக்களப்புக்குப் போகும்போது எனக்கு விளக்கினாள். இணையத்தில் பொருள் விற்கிற சில நிறுவனங்கள், தங்கள் பொருளைப் பரிந்துரைப்பவருக்கென்று தனி இணைப்பு ஒன்றைக் கொடுக்குமாம். அந்த இணைப்பின் வழியே யாராவது பொருள் வாங்கினால், விற்ற விலையில் ஒரு சிறு பங்கு பரிந்துரைத்தவருக்கு வரும். வாங்குகிறவருக்கு விலை கூடாது. "கடைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போறதுக்குத் தரகு, அவ்வளவுதான் மச்சாள்" என்றாள். பிறகு, "ஆனா ஒரு பிழையான கடையக் காட்டினா மறுகா நான் சொல்றத ஒருத்தரும் கேக்கமாட்டாங்க" என்று சேர்த்துக்கொண்டாள். அவளிடம் இருந்த முதலீடு அந்த நம்பிக்கை ஒன்றுதான் என்பது எனக்கு அன்று விளங்கியது.

அதன் பிறகு அதிக நாள் செல்லவில்லை. அப்படி உழைக்க ஓர் அழைப்பு வீடு தேடி வந்தது. கொண்டுவந்தவர் அவளுடைய பெரியம்மாவின் மகள். எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா; நத்தார் எனும் கிறிஸ்துமஸ் பண்டிகைக்குப் பலகாரம் சுடுவதென்றாலும் பிள்ளைப்பேற்றுக்குத் துணை இருப்பதென்றாலும் முதலில் வந்து நிற்கிறவர். அவர் காட்டிய திட்டமும் இணைப்புக் கொடுத்துப் பங்கு தருகிற திட்டம் என்றே பெயர் சூடியிருந்தது. சேர்வதற்கு ஒரு கட்டணம். கட்டியவுடன் பயிற்சிக் காணொளிகளும் ஓர் இணைப்பும் கிடைக்கும். அந்த இணைப்பின் வழியே இன்னொருவர் கட்டணம் கட்டிச் சேர்ந்தால் அழைத்தவருக்குப் பங்கு. அக்காவின் கைத்தொலைபேசித் திரையில் அவருடைய வருமானம் பச்சை எழுத்தில் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது.

என்ன பொருள் விற்கிறார்கள் என்று மச்சாள் கேட்டாள்.

"விக்கிறதுக்கு ஒண்டும் இல்ல புள்ள. ஆக்களச் சேர்க்கிறதுதான். அதுதான் இதில உள்ள சுகம்" என்றார் அக்கா.

மச்சாள் மறுத்துப் பேசவில்லை. நத்தார்த் தையல் கையில் குவிந்து கிடக்கிறது, அதை முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். ஆனால் இடங்கள் முடியப் போகின்றன, இந்தக் கிழமை முடிவதற்குள் சேர்ந்தால்தான் சலுகை என்று மேலே உள்ள ஒருவர் சொல்லியிருந்தாராம். அக்கா அதையும் சொன்னார். அவர் வாசற் படலையைத் தாண்டியதும் மச்சாள் என்னிடம் திரும்பி, "இணையத்தில என்ன, கதிரையா போட்டு வச்சிருக்கிறானுகள், இடம் முடியிறதுக்கு?" என்று கேட்டாள். இரண்டு சந்தேகங்கள் அவளுக்குள் அப்போதே விழுந்துவிட்டன. பொருளே இல்லாத இடத்தில் பங்கு எதிலிருந்து வருகிறது என்பது ஒன்று. யோசிக்க நேரம் கொடுக்க ஏன் அஞ்சுகிறார்கள் என்பது மற்றையது.

இருந்தும் அதை விசாரித்து அறிவது அவளுக்கு இலகுவான செயலாக இருக்கவில்லை. அதன் காரணத்தைச் சொல்ல எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கரையில் கலியாணப் பேச்சு வந்தால் விசாரிப்பது ஒரு தனிக் கலை. பேச்சைக் கொண்டுவந்தவர் காட்டுகிற ஆட்களிடம் எவரும் கேட்பதில்லை. மாப்பிள்ளையின் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முனையில் உள்ள கடையில் சோடா குடித்தபடி கேட்பார்கள். அவர் முன்பு வேலை செய்து விலகிய இடத்தில் கேட்பார்கள். அவருக்குப் பேசி முறிந்துபோன வீட்டாரைத் தேடிப்பிடித்துக் கேட்பார்கள். ஆனால் இந்தக் கண்டிப்பெல்லாம் பேச்சு வெளியாளால் வரும்போது மட்டுமே. சொந்தத்துக்குள் இருந்து ஒருவர் கொண்டுவந்தால், விசாரிப்பது அவரை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். அவர் விசாரித்திருப்பார் என்று விட்டுவிடுவோம். அவரும், தமக்குச் சொன்னவர் விசாரித்திருப்பார் என்று விட்டிருப்பார். எங்கோ முகம் தெரியாத ஒருவன் இணையத்தில் விரித்த இந்த அழைப்பும் சொந்தக்காரரின் வாய்வழியே வந்தபடியால் அந்த மரியாதையைப் பெற்றுவிட்டது. எங்கள் உறவுக்குள்ளேயே பலர் அதற்குள் சேர்ந்திருந்தார்கள்.

மச்சாள் ஒருவருடைய மனத்தையும் நோகடிக்காமல் விசாரித்த விதம் இன்றும் என்னை வியக்க வைக்கிறது. அளவு எடுக்கும்போது பெண்கள் அசையாமல் நிற்க வேண்டும்; பேசுவதைத் தவிர வேறு வேலை அவர்களுக்கு இல்லை. தோளில் நாடாவை வைத்தபடி, "நீங்களும் அதில இருக்கிறீங்களாமே, எப்பிடிச் சேர்ந்தீங்க?" என்று கதை கேட்பவளைப் போலக் கேட்பாள். அவர்கள் சொல்வார்கள். இடுப்பளவுக்கு வரும்போது, காசு கைக்கு வந்ததா என்று கேட்பாள். வந்தது, நிறைய ஏறியிருக்கிறது என்பார்கள். திரையில் ஏறியதைக் கேட்கவில்லை, வங்கிக்கு வந்து எடுத்துச் செலவழித்தீர்களா என்பாள். எடுக்காமல் விட்டால் இன்னும் பெருகும் என்று சொன்னார்கள் என்பது ஒருவருடைய பதில். எடுப்பதற்கு இன்னும் ஆட்களைச் சேர்க்க வேண்டுமாம் என்பது இன்னொருவருடைய பதில். எடுத்தேன் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை.

கலியாணத்துக்கு விசாரிப்பதைப் போல, உள்ளே இருந்து விலகிய ஒருவரையும் அவள் தேடினாள். காத்தான்குடிக் கடைக்காரரின் மனைவியின் தங்கை, வேறு பெயரில் நடந்த இதே மாதிரியான ஒன்றில் அகப்பட்டு வெளியே வந்தவர் என்று தெரிந்தது. கடையின் உள்ளறையில் இருந்து அவர் பொறுமையாகச் சொன்னார். அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார்களாம். பிறகு, வங்கியிலிருந்து கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணைக் கேட்டார்களாம். பணம் தருகிறவனுக்கு அந்த எண் எதற்கு என்று தம் மூத்த மகள் கேட்டபோதுதான் தமக்கு விழிப்பு வந்தது என்றார். கணக்கு இலக்கம் மட்டும் இருந்தால் காசு போடலாம். இரகசிய எண் எடுக்கிறவனுக்கே தேவை. மச்சாள் அதைத் திருப்பிச் சொல்லி மனத்தில் பதித்துக்கொண்டாள்.

அடுத்து, அக்காவுக்கு இதைச் சொன்னவர் யார் என்று பின்னோக்கிப் போனோம். அது களுவாஞ்சிக்குடியில் இருக்கும் அக்காவின் கணவருடைய சகோதரி. அவருக்குச் சொன்னது கல்லடியில் இருக்கும் அவருடைய பள்ளித் தோழி. மழை விட்டிருந்த ஒரு காலையில் மச்சாளும் நானும் கல்லடிக்குப் போனோம். அந்தத் தோழி எங்களைக் கண்டதும் மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு மகிழ்ந்தார். ஏன் அந்த மகிழ்ச்சி என்று எங்களுக்கு விளங்கவில்லை. அவரே கைத்தொலைபேசியைத் திறந்து காட்டினார். திட்டத்தில் சேர்ந்த கல்லடி ஆட்களின் குழுவில் ஒரு படம் இருந்தது. முந்திய நத்தாருக்கு மச்சாள் தன் பக்கத்தில் முகம் தெரியப் போட்ட படம் அது. அதன் மேல் அந்தத் திட்டத்தின் முத்திரை. கீழே, எங்களோடு இணைந்து வருமானம் பெறுகிறார் என்று ஒரு வரி.

"உங்களக் கண்டுதான் கா நான் சேர்ந்தன். நீங்க பாக்காம ஒண்டிலயும் கை வைக்கமாட்டீங்க எண்டு எல்லாருக்கும் தெரியுமே" என்றார் அவர்.

மச்சாள் அந்தப் படத்தைத் தன் கைத்தொலைபேசிக்கு அனுப்பும்படி மட்டும் கேட்டாள். தேற்றாத்தீவு ஆட்கள் இருக்கும் குழுவுக்கு அந்தப் படம் வரவே இல்லை. அவளை நேரில் அறிந்தவர்களுக்கு அதைக் காட்டாமல் விடும் அளவுக்கு அவர்களுக்கு விவரம் இருந்தது. அக்கா நாத்தனாரை நம்பிச் சேர்ந்தார். நாத்தனார் தோழியை நம்பிச் சேர்ந்தார். தோழி இந்தப் படத்தை நம்பிச் சேர்ந்தார். இப்போது அக்காவை நம்பி மச்சாள் சேர வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். இத்தனை பேரில் ஒருவரும் விசாரிக்கவில்லை. எல்லோருக்குமாக விசாரித்திருப்பாள் என்று நம்பப்பட்டவள் அவள்.

பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றபடியே அந்தக் குழுவை நடத்துகிறவனை அவள் அழைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தபடியால் எனக்கும் கேட்டது. இனிமையான, பேசிப் பழகிய குரல். தன் படத்தை எடுத்துவிடும்படி அவள் சொன்னாள். அவன் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"மெடம், உங்கட படத்தப் பாத்துத்தான் இவ்வளவு பேரும் வந்தவங்க. நீங்க கட்டணம் கட்டத் தேவையில்ல. சும்மா இருங்க, போதும். எல்லாரையும் உங்களுக்குக் கீழ போட்டு, அவங்கட பங்கையும் உங்களுக்குத் தாறம்."

"சும்மா இருக்கிறதுக்கு எனக்கு ஏன் காசு?" என்று கேட்டாள் மச்சாள்.

அழைப்பு அறுந்தது. பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை.

அன்றே அவள் காணொளி ஒன்றைப் போட்டு எல்லாவற்றையும் உடைத்திருக்கலாம். நான் அப்படித்தான் எதிர்பார்த்தேன். அவள் முதலில் அக்காவின் வீட்டுக்குப் போனாள். ஊரில் தம் சொல்லால் பலரைச் சேர்த்துவிட்டிருந்தவர் அக்கா. காணொளியில் இருந்து அவர் அறிந்துகொண்டால் அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்க முடியாது. ஆனால் சொல்லாமல் விட்டால், இதுவரை நூலுக்கும் ஊசிக்கும் அவள் சேர்த்த நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு படத்தோடு போய்விடும்.

அக்கா எங்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றினார். மச்சாள் சொல்லச் சொல்ல அவருடைய முகம் இறுகியது.

"அப்ப என்னக் கள்ளி எண்டு சொல்லத்தான் ரெண்டு பேரும் வந்திருக்கிறீங்க" என்றார்.

"இல்லக்கா. உங்களையும் என்ட பேரச் சொல்லித்தான் ஏமாத்தினவனுகள்" என்று மச்சாள் படத்தைக் காட்டினாள்.

அக்கா அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். உடனே நம்பிவிடவில்லை. இந்தக் காலத் தொழில்நுட்பத்தில் எப்படி வேண்டுமானாலும் படம் செய்யலாம், நீயே செய்திருக்கலாமே என்று கூடச் சொன்னார். அதற்கு மச்சாள் கோபிக்கவில்லை. தன்னை நம்ப வேண்டாம், தன் பேச்சையும் கேட்க வேண்டாம் என்றாள். திரையில் உள்ள தொகையில் ஒரு சிறு பகுதியை இப்போதே வங்கிக்கு எடுத்துப் பார்க்கும்படி மட்டும் கேட்டாள். அக்கா எடுத்தார், அதாவது, எடுக்க முயன்றார். இன்னும் இருவரைச் சேர்த்தால் அல்லது ஒரு விடுவிப்புக் கட்டணம் கட்டினால் பணம் வரும் என்று திரை சொன்னது. தம் பணத்தை எடுக்கத் தாம் ஏன் கட்ட வேண்டும் என்று அக்கா அந்தத் திரையைப் பார்த்தே கேட்டார். எங்கள் இருவரையும் பார்க்காமல் தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குசினியில் நெடுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் சேலையை மாற்றியிருந்தார்.

"நீ வீடியோவப் போடு. நான் சேர்த்துவிட்டவங்கட வீடுகளுக்கு நான்தான் போகோணும்" என்றார்.

அவர் அப்படியே போனார். ஒழுங்கை ஒழுங்கையாக, தாம் அழைத்த ஒவ்வொருவருடைய வாசலிலும் நின்று, நான் விசாரிக்காமல் சொல்லிவிட்டேன் என்று சொன்னார். திட்டியவர்களிடம் திட்டு வாங்கினார். மச்சாளைப் பற்றி எழுதத் தொடங்கிய நான் இந்த இடத்தில் அக்காவைப் பற்றியும் அதே வியப்போடுதான் எழுதுகிறேன். ஊருக்குள் தலைநிமிர்ந்து வாழ்ந்த ஒருவர், தலை குனியும் இடம் அது என்று தெரிந்தே அத்தனை படலைகளைத் திறப்பது சிறிய காரியம் அன்று.

மச்சாள் தன் காணொளியில் முதன்முறையாக முகம் தெரிய இருந்து பேசினாள். இந்தப் படம் என்னுடையது, நான் கொடுத்தது அன்று, நான் இதில் சேரவில்லை என்றாள். சேர்ந்திருப்பவர்கள் இன்றே ஒரு சிறு தொகையை எடுத்துப் பாருங்கள், வராவிட்டால் இன்னும் ஒரு சதமும் கட்டாதீர்கள், ஒருவரையும் சேர்க்காதீர்கள், இரகசிய எண் கொடுத்தவர்கள் வங்கிக்குப் போய்ச் சொல்லுங்கள் என்றாள். பிறகு, பாதிக்கப்பட்ட சிலரோடு மட்டக்களப்புக்குப் போய்ப் பொலிசில் முறைப்பாடு கொடுத்தாள். கட்டிய பணம் எவருக்கும் திரும்பி வரவில்லை. தனக்குப் பங்கு கிடைக்காத கோபத்தில் குழப்புகிறாள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒரு பெண், தைக்கக் கொடுத்திருந்த சட்டைத் துணியைத் தைக்காமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனார். சில நாட்களில் அந்தத் திட்டத்தின் செயலி திறக்கவே இல்லை. ஆனாலும், துணியைத் திருப்பி வாங்கிய பெண் மறுபடி வரவும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மச்சாள் தன் எண்ணத்தைக் கைவிடாததைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கள்ளக் கடை ஒன்று இருந்ததற்காக எல்லாக் கடையும் கள்ளக் கடை ஆகிவிடாது என்பது அவளுடைய வாதம். தையற் பொருட்களை இணையத்தில் விற்கிற கொழும்பு நிறுவனம் ஒன்றைத் தெரிந்தெடுத்தாள். சேரக் கட்டணம் இல்லை. விதிகள் எழுத்தில் இருந்தன. எந்தப் பொருளுக்கு எவ்வளவு பங்கு, எப்போது தருவார்கள், எப்போது தரமாட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. அவள் முதலில் சாதாரண வாடிக்கையாளராக ஒரு கத்தரிக்கோல் வாங்கினாள். பிறகு அதைத் திருப்பி அனுப்பி, பணம் திரும்பி வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. தொலைபேசியில் அழைத்துக் கேள்வி கேட்டாள். மனிதர் ஒருவர் எடுத்துப் பதில் சொன்னார். அதன் பிறகே இணைப்பை வாங்கினாள். அந்த இணைப்பின் வழியே ஏறாவூரில் உள்ள அவளுடைய பழைய வகுப்புத் தோழி ஒரு பொதி நூல் வாங்கினார். பொருள் திருப்பி அனுப்பும் தவணை முடியும் வரை பங்கு வரவில்லை. நான் பதறினேன், அவளோ அதில் ஆறுதல் கண்டாள். வாங்கியவர் திருப்பிக் கொடுக்கக்கூடும் என்று காத்திருக்கிறவன் உண்மையாகவே பொருள் விற்கிறான் என்றாள். தவணை முடிந்தது. வங்கிக்குப் பங்கு வந்தது. மிகச் சிறிய தொகை.

காணொளியில் அந்த இணைப்பைப் போடுவதற்கு முன் அவள் எழுதிய முதல் வரி, இதன் வழியே நீங்கள் வாங்கினால் எனக்குப் பங்கு உண்டு என்பது. அதை இறுதியில் சிறிதாகப் போட்டால் போதாதா என்று நான் கேட்டேன். அதைத் தெரியாமல் வாங்குகிறவர்கள் பிறகு தெரிந்துகொண்டால் நூலைப் பற்றிச் சொன்னதையும் சந்தேகிப்பார்கள் என்றாள்.

காணொளியைப் போடுவதற்கு முதல் நாள் பின்னேரம் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையை இழுத்து இருந்தார்.

"இத நீ வாங்கிப் பாத்தியா?"

"ஓம் அக்கா."

"காசு பாங்குக்கு வந்ததா? சொல்லாத, காட்டு."

மச்சாள் காட்டினாள். அக்கா அதோடு விடவில்லை. விதிகளைத் தமிழில் சொல்லும்படி கேட்டு, வரி வரியாகக் கேட்டுக்கொண்டு இருந்தார். சில இடங்களில் நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னார். நான் மச்சாளின் முகத்தைப் பார்த்தேன். தன்னை நம்பாமல் விசாரிக்கிறார் என்ற மனக்குறை அதில் சிறிதும் இல்லை. பரீட்சையில் தான் எதிர்பார்த்த கேள்வியே வந்துவிட்ட பிள்ளையைப் போல ஒவ்வொன்றுக்கும் ஆசையோடு பதில் சொன்னாள்.

நடுவில் ஓரிடத்தில் அக்கா கையை உயர்த்தினார். தன் இணைப்பின் வழியே தானோ அதே விலாசத்தில் உள்ளவர்களோ வாங்கினால் பங்கு இல்லை, கணக்கும் நிறுத்தப்படும் என்ற வரி அது. "நேத்து உன்ட புருசன் உனக்கு ஒரு அயர்ன்பெட்டிக்கு ஓடர் போடப் போறன் எண்டு சொன்னான். உன்ட லிங்கிலயா போட்டவன்?" என்று கேட்டார்.

மச்சாள் அந்த வரியைப் படித்திருந்தாள். தன் கணவரிடம் சொல்ல மறந்திருந்தாள். எழுந்து ஓடிப்போய் அவரிடம் கேட்டாள். நல்லவேளையாக, இன்னும் போடவில்லை. போடுவதென்றால் இணைப்பைத் தொடாமல் நேரே கடையின் இணையப் பக்கத்துக்குப் போய்ப் போடும்படி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, மிச்சத்த வாசி" என்றார்.